தருமபுரியா, பெங்களூரா, ஆந்திராவா? சட்டக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்

கேள்வி: ஐயா, நான் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இந்த ஆண்டு பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் 600க்கு 487 மதிப்பெண் எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் இடையே நிலப் பாகப்பிரிவினை வழக்கு கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் நடக்கிறது. வாய்தாவுக்கு அப்பாவுடன் போய்ப் போய் எனக்கும் வக்கீலாக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. தருமபுரி அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் வகுப்பாசிரியர். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா, அங்கே தனியார் கல்லூரியில் படித்தால்தான் மதிப்பு, வங்கிக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். தெரிந்த ஒருவர், ஆந்திராவில் ஒரு கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டால் தேர்வுக்கு மட்டும் போனால் போதும் என்கிறார். அப்பாவோ, முதலில் கிருஷ்ணகிரியில் பி.ஏ. முடி, பிறகு மூன்று வருடச் சட்டப் படிப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஓர் ஆண்டு வீட்டிலிருந்து, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாமா என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் என்றால் பயம். நான் என்ன செய்யட்டும்? பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லோரும் எந்தக் கல்லூரி என்றுதான் பேசியிருக்கிறார்களே தவிர, படித்து முடித்த பிறகு நீங்கள் எந்த நீதிமன்றத்தில் நிற்கப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் கல்லூரியைப் பற்றிய குழப்பத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். உங்கள் கடிதத்தைப் படித்தால், நீங்கள் பார்த்ததும் விரும்பியதும் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் என்று தெரிகிறது. அதை வைத்து என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வில் தருமபுரி அரசு சட்டக் கல்லூரியை முதல் விருப்பமாகவும், சேலம் அரசு சட்டக் கல்லூரியை இரண்டாவதாகவும் வையுங்கள். ஆந்திரா யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். கடன் வாங்கிப் பெங்களூர் போகத் தேவையில்லை. கிளாட் எழுத விரும்பினால் எழுதுங்கள், ஆனால் அதற்காக ஓர் ஆண்டைக் கொடுக்காதீர்கள். உங்கள் அப்பா சொல்வதில் மட்டும், நீங்கள் நினைப்பதைவிட அதிக நியாயம் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரியின் பெயர் வேலையைத் தேடித் தருவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சந்தையில்தான். சென்னை, மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் நிறுவனங்களுக்காக ஒப்பந்தம் எழுதும் பெரிய சட்ட அலுவலகங்கள், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நேரில் சென்று ஆள் எடுக்கின்றன. அந்த வழி உங்களுக்குப் பிடித்திருந்தால் கல்லூரிப் பெயருக்காகப் போராடுவதில் பொருள் உண்டு. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கட்சிக்காரர் வக்கீலைத் தேடும்போது அவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. யாரிடம் ஜூனியராக இருந்தவர், வாய்தா அன்று நேரத்துக்கு வந்து நிற்பாரா, குறுக்கு விசாரணையில் வாயைத் திறப்பாரா என்பவைதாம் இங்கே விசாரிக்கப்படுகின்றன.

இங்குள்ள வழக்குகளின் தன்மையும் அப்படிப்பட்டது. பாகப்பிரிவினை, வழித்தகராறு, வரப்புத் தகராறு, காசோலை வழக்கு, ஜீவனாம்சம், போக்சோ, தொப்பூர் கணவாய்ப் பகுதி விபத்துகளில் வரும் இழப்பீட்டு வழக்குகள் ஆகியவையே ஒரு சராசரி அலுவலகத்தின் அலமாரியை நிரப்புகின்றன. ஓசூர் பக்கம் போனால் தொழிற்சாலைகளையொட்டித் தொழிலாளர் வழக்குகளும் சேரும். பெருநகரக் கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணுடன் படித்துவிட்டு வந்த ஒரு ஜூனியரிடம் என் அலுவலகத்தில் ஒரு பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு, தயாரிக்கச் சொன்னேன். அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பைப் பற்றி அரை மணி நேரம் தெளிவாகப் பேசக்கூடியவர், சொத்து விவரத் தபசிலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பழைய பத்திரத்தில் சர்வே எண்ணும் ஏக்கர், சென்ட் கணக்கும் இருந்தன. சிட்டாவில் உட்பிரிவு மாறி 0.40.50 ஹெக்டேர் என்றிருந்தது. இரண்டும் ஒரே ஏக்கர் நிலம்தான் என்பது அவருக்கு விளங்கவில்லை. நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியில் ‘வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்று எழுதினால் பாதை நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். அதை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நான்கு எல்லைகளையும் மாற்றி வைத்திருந்தார். அந்தப் பிராது அப்படியே தாக்கலாகியிருந்தால், கடைசியில் டிக்ரி என்னும் தீர்ப்பாணை வாங்கினாலும் அதை நிறைவேற்றப் போகும் நீதிமன்ற ஊழியரான அமீனா எந்த நிலத்தில் போய் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்த உங்களுக்கு இதெல்லாம் பாடம் தொடங்கும் முன்பே பாதி தெரிந்திருக்கும். அந்த அறிவு பயன்படும் ஊரை விட்டு ஐந்து ஆண்டுகள் தள்ளிப் போய், பிறகு திரும்பி வருவதில் என்ன லாபம் என்று சித்தப்பாவிடம் மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

மாவட்ட நீதிமன்றம் என்றால் சின்ன இடம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்கேனும் இருந்தால், அரூர் வட்டத்து வாச்சாத்தி வழக்கை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். 1992 ஜூன் மாதத்தில் அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய கொடுமைக்குக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது தருமபுரியில் உள்ள முதன்மை அமர்வு நீதிமன்றம்தான். 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. எந்தச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும், முதலாண்டிலேயே அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். பழங்குடி மக்கள் தமிழில் சொன்ன சாட்சியம் எப்படி மேல்முறையீட்டையும் தாங்கி நின்றது என்பதை அதில் பார்க்கலாம்.

இனி தருமபுரிக் கல்லூரியைப் பற்றி. விழுப்புரம், இராமநாதபுரம் கல்லூரிகளோடு 2017இல் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரி அது. சேலம் 2019இல் நாமக்கல், தேனி கல்லூரிகளோடு வந்தது. எல்லாமே தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை என்பதால் பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் ஒன்றுதான். 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியின் வழிவந்த கல்லூரிகளில் படிப்பவரும் தருமபுரியில் படிப்பவரும் எழுதுவது ஒரே வினாத்தாளைத்தான். ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண், இட ஒதுக்கீடு ஆகியவற்றின் அடிப்படையில் பல்கலைக்கழகம் தரவரிசை வெளியிட்டுக் கலந்தாய்வு நடத்தும். உங்கள் 487 ஏறக்குறைய 81 சதவீதம். சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் கேட்கும் குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கே 45 சதவீதம்தான் என்பதால் தகுதியில் சிக்கல் இல்லை. போட்டி எல்லாம் தரவரிசையில்தான். அங்கே உங்கள் கையில் ஒரு பெரிய பிடி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை தரும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் சட்டப் படிப்பும் அடங்கும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இந்த ஒதுக்கீடு இருப்பது பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிகிறது. சட்டத்துக்கும் உண்டு என்பதை மட்டும் ஏனோ பல ஆசிரியர்களே மறந்துவிடுகிறார்கள். சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியின் ஹானர்ஸ் படிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமும் விடுதிச் செலவும் அங்கே கூடுதல். இடம் கிடைத்து, சென்னையில் தங்க வீட்டில் சம்மதமும் இருந்தால் அதை மறுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அது கிடைக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம்.

புதிய கல்லூரிகளில் குறை இல்லாமல் இல்லை. மூத்த மாணவர் பட்டாளம் சிறியது. நூலகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அரசு சட்டக் கல்லூரிகளில் ஆசிரியர் காலிப் பணியிடங்களும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் வகுப்புகளும் நெடுநாள் குறை. அதனால் கலந்தாய்வுக்கு முன் ஒருநாள், வகுப்பு நடக்கும் நாளாகப் பார்த்து, அப்பாவுடன் நேரில் போய் வாருங்கள். காவேரிப்பட்டணம் கிருஷ்ணகிரி–தருமபுரி நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் உங்களுக்கு அது பெரிய பயணம் இல்லை. முதல்வர் அறைக்குப் போகும் முன் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவியர் இருவரிடம் பேசுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை யார் நடத்துகிறார், அவர் நிரந்தர ஆசிரியரா, போன பருவத்தில் பாடம் முடிந்ததா என்று கேளுங்கள். இந்த ஒரு பாடம் ஒழுங்காக நடக்கும் கல்லூரியில் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும் என்பது என் கணிப்பு. பிறகு நூலகத்துக்குப் போய், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷ்ய அதினியம் ஆகிய மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கும் பாடநூல்கள் வந்திருக்கின்றனவா, சட்ட இதழ்கள் இந்த ஆண்டு வரை வருகின்றனவா என்று பாருங்கள். மாதிரி நீதிமன்ற அறை எப்போது கடைசியாகத் திறக்கப்பட்டது என்று கேட்டால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலேயே விடை இருக்கும். பெண்களுக்கான விடுதி, மாலையில் கடைசிப் பேருந்து, கழிப்பறை ஆகியவற்றையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள். மழைக்காலத்தில் தினமும் போய்வரப் போவது நீங்கள்தானே.

பெங்களூருக்கு வருவோம். அந்த நகரத்தில் நாகர்பாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளிதான் நாட்டிலேயே முதலில் தோன்றிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். அதில் இடம் கிடைத்தால் பேச்சே இல்லை. கடன் வாங்கியாவது போகலாம். சித்தப்பா சொல்வது அதை இல்லை என்று நினைக்கிறேன். ஓசூரைத் தாண்டியதும் விளம்பரப் பலகைகளில் தெரியும் தனியார் கல்லூரிகளில் நல்லவையும் உண்டு, பெயருக்கு நடப்பவையும் உண்டு. நல்லவையே ஆனாலும் உங்கள் நோக்கத்துக்கு ஓர் அடிப்படை இடைஞ்சல் இருக்கிறது. நிலச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அங்கே கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் படிப்பீர்கள். இங்கே தொழிலுக்கு வந்தால் 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும், 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தையும், 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலுவையில் உள்ள வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் போவதில்லை. அத்தைக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்குள் இருக்கும் சட்ட வரலாற்றை மட்டும் காட்டுகிறேன். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் திருமணமாகிவிட்ட மகள்களுக்கு அது பொருந்தாது. கர்நாடகம் இதே போன்ற திருத்தத்தை 1994இல்தான் செய்தது. நாடு முழுவதற்குமான மத்தியத் திருத்தம் 2005இல் வந்தது. அதன்படி, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா வேண்டாமா என்று நீதிமன்றங்கள் மாறி மாறித் தீர்ப்புச் சொல்லிவந்தன. தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவாகச் சொன்னது. அத்தைக்கு எந்த ஆண்டில் திருமணம் ஆனது, சொத்து பூர்வீகமா, தாத்தா தானே சம்பாதித்த சுயார்ஜிதமா, முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினை ஏதும் உண்டா என்று உங்கள் வக்கீல் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். கிருஷ்ணகிரி நீதிமன்ற வாசலில் நீங்கள் காத்திருந்த நாள்களிலேயே குடும்பச் சட்டத்தின் மிகச் சிக்கலான அத்தியாயம் ஒன்று உங்கள் முன்னால் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆந்திராவில் பெயரை மட்டும் பதிந்துவைக்கும் யோசனைக்கு அதிக இடம் ஒதுக்க நான் விரும்பவில்லை. பார் கவுன்சில் விதிகளின்படி சட்டப் படிப்பு முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வருகைப் பதிவேட்டில் யாரோ போட்ட கையெழுத்தால் கிடைக்கும் பட்டம் பொய்ச் சான்று. பெயரளவில் மட்டும் இருக்கும் ‘லெட்டர்பேட் கல்லூரி’ என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இகழப்பட்ட வகை அது. அப்படிப் பட்டம் வாங்கியவர் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கினால் பதிவையே இழக்க நேரிடும். பத்து ஆண்டு தொழில் செய்த பிறகும் அந்தப் பயம் விடாது. ஆந்திராவிலும் முறையாக வகுப்பு நடத்தும் நல்ல கல்லூரிகள் உண்டு. நான் குறை சொல்வது அந்த மாநிலத்தை இல்லை, வகுப்புக்கே போகாமல் வாங்கும் பட்டத்தை. எந்தத் தனியார் கல்லூரியானாலும், எந்த மாநிலமானாலும், நீங்கள் சேரும் அதே கல்வியாண்டுக்கு இந்திய பார் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்பதைக் கடிதமாகக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ‘ஒப்புதல் வந்துகொண்டே இருக்கிறது’ என்பது பதிலாகாது.

இப்போது உங்கள் அப்பா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். பி.ஏ. மூன்று ஆண்டு, பிறகு எல்.எல்.பி. மூன்று ஆண்டு என்றால் மொத்தம் ஆறு. ஒருங்கிணைந்த பி.ஏ., எல்.எல்.பி. என்றால் ஐந்து. ஓர் ஆண்டு மிச்சம் என்பதால் எல்லோரும் ஐந்தாண்டுப் படிப்பையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஐந்தாண்டுப் படிப்பில் இடையில் இறங்கும் வழி கிடையாது. மூன்றாம் ஆண்டு முடிவில் ஏதோ காரணத்தால் படிப்பு நின்றுபோனால், கையில் பி.ஏ. பட்டமும் இருக்காது, மிச்சமிருப்பது பிளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான். இடையில் விலகிப் பட்டம் பெறுவதைப் பார் கவுன்சில் விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. நம் மாவட்டங்களில் இருபது வயதுப் பெண்ணின் படிப்பை ஒரு நல்ல வரன் எப்படி நிறுத்திவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அப்பா இந்த விதியை அறிந்து சொன்னாரா, செலவை நினைத்துச் சொன்னாரா தெரியாது. எப்படிச் சொல்லியிருந்தாலும், கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டத்துக்கு வருவது பாதுகாப்பான பாதைதான். அதற்கும் பட்டப்படிப்பில் 45 சதவீதம் போதும்.

ஆகவே அப்பாவிடம் நேராக ஒரு பேச்சுப் பேசுங்கள். ஐந்து ஆண்டும் முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவர் உறுதி சொன்னால் ஐந்தாண்டுப் படிப்பில் சேருங்கள். அவர் தயங்கினால் சண்டை போடாதீர்கள். பி.ஏ.வில் சேர்ந்து, அந்த மூன்று ஆண்டில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு, பட்டத்தோடு வாருங்கள். என்னுடன் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர்களில் இந்த வழியாக வந்து நன்றாக நிற்பவர்கள் பலர் உண்டு.

கிளாட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வழக்கமாக டிசம்பரில் நடக்கும் இந்தத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில்தான். இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள். தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழியும். வினாக்கள் எல்லாம் நீண்ட பத்திகளைப் படித்து விடையளிக்கும் வகை என்பதால், சட்ட அறிவைவிட ஆங்கில வாசிப்பு வேகத்தைத்தான் அது முதலில் சோதிக்கிறது. ஆங்கிலம் பயம் என்று நீங்களே எழுதியிருக்கும்போது, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டி ஓர் ஆண்டு வீட்டில் உட்காருவது சரியான கணக்கில்லை. கல்லூரியில் சேர்ந்துகொண்டு வருகிற டிசம்பரில் எழுதிப் பாருங்கள். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அங்கே இடம் கிடைத்தால் அப்போது மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அங்கெல்லாம் கட்டணம் ஆண்டுக்கு இலட்சங்களில் என்பதையும் மறக்க வேண்டாம். அரசு சட்டக் கல்லூரியில் அது சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

ஆங்கிலப் பயம் பற்றி இன்னும் கொஞ்சம். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்கு 1976இல் செய்த திருத்தத்தின் பிறகு, தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள நீதிமன்றங்களில் சாட்சியத்தைத் தமிழில் பதிவதும் தீர்ப்பைத் தமிழில் எழுதுவதும் சட்டப்படியான நடைமுறை. தருமபுரியில் நான் செய்யும் குறுக்கு விசாரணை முழுவதும் தமிழில்தான் நடக்கிறது. சாட்சி ‘தெரியலைங்க’ என்று சொல்வதற்கும் ‘ஞாபகம் இல்லைங்க’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்து, அடுத்த கேள்வியை அந்த நொடியில் அமைக்க இங்கே தமிழ் நன்றாக வர வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உயர் நீதிமன்ற வாதங்களும் ஆங்கிலத்தில்தான் என்பதால், படிப்பதற்கும் எழுதுவதற்குமான ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். சரளமாகப் பேசும் ஆங்கிலம் பிறகு வந்தால் போதும். நாளுக்கு ஒரு பக்கம் ஏதேனும் தீர்ப்பை வாய்விட்டுப் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதிப் பழகுங்கள். இதைத்தான் என் ஜூனியர்களிடமும் சொல்கிறேன். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, பருவத் தேர்வை எந்தெந்தத் தாள்களில் தமிழில் எழுதலாம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் காலத்திலேயே நீதிமன்றத்தோடு பழக விதி இடம் தருகிறது. ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் உள்ளகப் பயிற்சி செய்தாக வேண்டும். பலர் இதைச் சான்றிதழில் முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலிரண்டு ஆண்டு விடுமுறைகளில் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ சிவில் வழக்கு நடத்தும் ஓர் அலுவலகத்தில் உட்காருங்கள். அங்கே சீனியரைவிட முதலில் குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்ளுங்கள். வக்காலத்தில் எவ்வளவு முத்திரை ஒட்ட வேண்டும், நகல் மனு எங்கே போட வேண்டும், எந்தப் பிரிவில் எந்த வழக்குக் கட்டு கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டு வழக்கை நடத்தும் வக்கீலிடம் மட்டும் பயிற்சிக்குச் சேர வேண்டாம். அத்தை தரப்புக்கும் உங்களுக்கும் வீண் மனத்தாங்கல் வரும்.

பணம் பற்றியும் அப்பா கேட்பார், கேட்க வேண்டியவரும் அவர்தான். பட்டம் முடித்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயும்தான் அந்தக் கட்டணம். பின்னர் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். அதன் பிறகு வரும் இரண்டு, மூன்று ஆண்டுகள்தாம் உண்மையிலேயே கடினமானவை. சென்னை, மதுரை, கோவைக்கு வெளியே உள்ள ஜூனியர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொல்லியும், மாவட்டத் தலைநகரங்களில் அந்தத் தொகையை எல்லா சீனியர்களும் தருவதில்லை. பல அலுவலகங்களில் பேருந்துக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் அளவுதான் கிடைக்கும். பெங்களூர்க் கடன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது எந்த ஜூனியரும் தொழிலைக் கற்றுக்கொள்ளப் பொறுமையாக உட்கார முடியாது. வந்த வேலைக்குப் போய்விடுவார்கள். நீதிபதி ஆகும் எண்ணம் உங்களுக்கு உண்டென்றாலும் இந்த ஆண்டுகளைத் தாண்ட முடியாது. சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது.

அறிவிப்பு வந்தபின் சான்றிதழுக்காக அலைவதைத் தவிர்க்க, இந்த வாரமே சிலவற்றைத் தொடங்குங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை, படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் தனித்தனியே வாங்க வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் அங்கும் போக வேண்டும். சாதிச் சான்றில் உங்கள் பெயரும் அப்பாவின் முன்னெழுத்தும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு நாளாகும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், உங்கள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்று இப்போதே இருக்கட்டும். சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஐந்தாண்டுப் படிப்புக்கான அறிவிப்பை நாள்தோறும் பாருங்கள். கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரிக்கும் கூடவே ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள், அப்பாவிடம் பேசி முடிவுக்கு வரும்வரை இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.